எண்மமல்லாத படி: சென்னை நூலகங்களின் திரைப்பட வட்டுகளும் பதிப்புரிமைச் சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி நூலகங்களும் பொது நூலகங்களும் சேர்த்துவைத்துள்ள திரைப்படக் குறுவட்டுகள் ஒவ்வொன்றாக இயங்காமற்போகின்றன. திரைப்படத்துக்கும் பொருந்தும் வகையில் நூலகங்களுக்குப் பாதுகாப்புப் படியெடுக்கும் உரிமையை 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் வழங்கியது. ஆயினும், ‘எண்மமல்லாத படி’ ஒன்று நூலகத்தின் கையிருப்பில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இவ்வட்டுகளை அவ்வுரிமைக்கு வெளியே நிறுத்துகிறது. இந்நிலை எவ்வாறு உருவானது என்பதைச் சென்னையின் காணொலி வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பதிப்புரிமை, நூலகம், ஒளிப்பேழை, குறுவட்டு, தமிழ்த் திரைப்படம், ஆவணக்காப்பு

1. காகிதத்தில் எஞ்சிய திரை

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதனின் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்னும் ஆங்கில நூலைச் சென்னை நூலகச் சங்கம் 1931இல் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ திரைக்கு வந்தது. அரங்கநாதனின் நூல் இன்றும் அச்சில் கிடைக்கிறது. ‘காளிதா’ஸின் படி ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

இவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று கடந்துவிட இயலாது. அச்சிட்ட நூலைக் காப்பதற்கென ஒரு சட்ட ஏற்பாடு நமக்கு வாய்த்தது. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் எழும்பூர்க் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு வந்தாக வேண்டும். இரண்டாண்டுகளில் நாளிதழ்களும் இதழ்களும் அச்சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டன. திரைப்படம் சேர்க்கப்படவில்லை. 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நிறுவப்பட்டபோதும் படத்தின் படியைக் கட்டாயமாக ஒப்படைக்கும் கடமை தயாரிப்பாளருக்கு விதிக்கப்படவில்லை. காப்பகம் தேடிப் பெற்றவையே அங்கு உள்ளன.

ஆகவே தமிழ்த் திரை வரலாறு பெரும்பாலும் காகிதத்தைக் கொண்டே எழுதப்பட்டது. சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வு பாட்டுப் புத்தகங்கள், தணிக்கைக் கோப்புகள், இதழ்க் குறிப்புகள் ஆகியவற்றின்மேல் எழுந்தது. ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் வாழ்நாள் முழுவதும் திரட்டித் தமிழக அரசிடம் ஒப்படைத்த சேகரிப்பும் ஒளிப்படங்கள், தகவல் பட்டியல்கள் என்னும் வகையினதே. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூல்தொகுதி 1994இல் சென்னைக்கு வந்து, இன்று தரமணியில் ஆய்வு நூலகமாக இயங்குகிறது. திரைப்பட ஆய்வாளர் அங்கே முதலில் கேட்பது பாட்டுப் புத்தகம். படத்தைப் பார்க்காமலே படத்தைப் பற்றி எழுதும் திறனை நம் துறை கட்டாயத்தால் வளர்த்துக்கொண்டது என்று கூறலாம்.

பதிப்புரிமை படத்தை அழிக்கவும் செய்யும், காக்கவும் செய்யும் என்பதற்குச் சென்னைக்குத் தெற்கே ஒரு சான்று உண்டு. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தரராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கத்தில் 1933இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’ சி. வி. ராமன் பிள்ளையின் புதினத்தைத் தழுவிய ஊமைப்படம். புதினத்தின் உரிமையைப் பெற்றிருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தகசாலை வழக்குத் தொடுத்தது. படச்சுருள் கைப்பற்றப்பட்டுப் பதிப்பகத்தாரிடமே தங்கிவிட்டது. தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால், ஊர் ஊராகச் சுற்றித் தேயாமல் முடங்கிக் கிடந்ததால்தான் அச்சுருள் பிழைத்தது. 1974இல் புனேக் காப்பகம் அதைப் பெற்றது. தென்னிந்திய ஊமைப்படங்களில் எஞ்சியுள்ளவை மிகச் சில. அவற்றுள் ஒன்று நூலகரால் அன்றி உரிமை வழக்கால் காக்கப்பட்டது என்பது நூலகவியல் மாணவர்களுக்கு உவப்பான செய்தியன்று.

2. ஒளிப்பேழையும் ஐயக்கண்ணும்

1982இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கிய பின் சென்னையின் நடுத்தர வீடுகளில் ஒளிப்பேழைக் கருவி இடம்பிடித்தது. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் விஎச்எஸ் பேழைகளை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் தோன்றின. அவற்றின் பெயர்ப்பலகையில் ‘வீடியோ லைப்ரரி’ என்றே எழுதியிருந்தது. நூலகம் என்னும் சொல் காணொலியுடன் இந்நகரில் முதலில் இணைந்தது வாடகைக் கடையில்தான். பின்னர் அதற்கு நேர்ந்த சட்டச் சிக்கல்களின் வேரும் அங்கேயே இருப்பதாக நான் கருதுகிறேன்.

திரைத்துறை இக்கடைகளை வருவாய்க்கு நேர்ந்த இடராகக் கண்டது. சட்டமும் அக்கண்ணோடேயே பார்த்தது. 1984ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் காணொலிப் படங்களையும் திரைப்படம் என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. பேழையின்மேல் தயாரித்தவர் பெயர், முகவரி முதலிய விவரங்களை அச்சிட வேண்டும் என்னும் பிரிவு 52-ஏ அப்போது சேர்க்கப்பட்டதாகும். தமிழக அரசும் அதே ஆண்டில் ஒளிப்பேழைக் கருவிவழித் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. இருபது ஆண்டுகள் கழித்து, 2004இல், குண்டர் தடுப்புச் சட்டம் எனப் பேச்சுவழக்கில் அறியப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘வீடியோ திருடர்’ என்னும் வகையினரும் சேர்க்கப்பட்டனர். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், நில அபகரிப்பாளர் ஆகியோருடன் ஒரே தலைப்பில் திருட்டு வட்டு விற்பவரும் நின்றார்.

இச்சட்டங்கள் நூலகரைக் குறிவைத்தவை அல்ல. எனினும் படியெடுத்தல் என்னும் செயல் காவல்துறைக்குரிய குற்றமாகவே பொதுமனத்தில் பதிந்தது. படியெடுத்துக் காப்பதும் படியெடுத்து விற்பதும் ஒன்றல்ல என்று எடுத்துரைக்க அன்று எந்த நூலக அமைப்பும் உரத்த குரலில் முன்வரவில்லை.

கல்லூரி நூலகங்கள் அப்பத்தாண்டில் திரைப்படத்தின் பக்கம் செல்லாமல் பாடக் காணொலிகளையே நாடின. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்டு 15இல் தூர்தர்சன் வழியாகத் தொடங்கிய கல்வி ஒளிபரப்பு அதற்கு வாய்ப்பளித்தது. இவ்வாறு சேர்ந்த பேழைகளுக்குச் சென்னையின் கடற்காற்று பகை. ஈரப்பதம் நாடாவின் காந்தத்துகளைப் பிணைக்கும் பசையைச் சிதைக்கும். பேழைக்குள் பூஞ்சை படரும். குளிரூட்டப்பட்ட, உலர்ந்த அறை எல்லா நூலகங்களுக்கும் வாய்ப்பதன்று. நாடா பிழைத்தாலும் கருவி பிழைக்கவில்லை. விஎச்எஸ் கருவிகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான சப்பானின் ஃபூனாய் 2016 சூலையில் தயாரிப்பை நிறுத்தியது. காந்த நாடாப் பதிவுகளை மாற்றிக்கொள்ள எஞ்சியுள்ள காலம் குறுகியது என்று யுனெசுகோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக்காப்பகச் சங்கமும் 2019இல் எச்சரித்தன. ரிச்சி தெருவில் பழைய கருவியைப் பழுதுபார்ப்பவரைத் தேடுவது இன்று ஆவணக்காப்புப் பணியின் ஒரு பகுதியாகிவிட்டது.

3. மூன்று வட்டுகளில் ஒரு படம்

திரைப்படம் கல்லூரி நூலகத்துக்குள் பரவலாக நுழைந்தது வட்டு வடிவில்தான். 1993இல் வரையறுக்கப்பட்ட விசிடி, மேற்குலகில் வேர்கொள்ளாமல் ஆசியச் சந்தைகளில் செழித்தது. ஒரு விசிடியில் ஏறத்தாழ 74 நிமிடக் காட்சியே அடங்கும். இரண்டரை மணிநேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. படத்தை எங்கே வெட்டுவது என்பதை இயக்குநர் தீர்மானிக்கவில்லை, வட்டின் கொள்ளளவே தீர்மானித்தது. பின்னர் வந்த டிவிடி முழுப்படத்தையும் ஒரே வட்டில் அடக்கியது. காட்சித் தெளிவும் கூடியது. ஆனால் விசிடியில் இல்லாத ஒன்றும் அதனுடன் வந்தது; படியெடுப்பதைத் தடுக்கும் மறையாக்கப் பூட்டு.

விலையும் வீழ்ந்தது. வெற்று வட்டுகளைத் தயாரித்துவந்த மோசர் பேயர் நிறுவனம் திரைப்பட உரிமைகளை வாங்கி, விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் சந்தையில் இறக்கியது. தமிழ்ப் படங்களும் அவற்றுள் அடங்கும். திருட்டு வட்டின் விலைக்கே உரிமையுள்ள வட்டு கிடைத்தபோது, நூலகர் ஒருவர் தணிக்கைத் துறையின் கேள்விக்கு அஞ்சாமல் நூறு படங்களை ஒரே ஆண்டில் வாங்க முடிந்தது. தமிழியல், காட்சித் தொடர்பியல் துறைகள் திரைப்படத்தைப் பாடமாக்கிய காலமும் அதுவே.

அப்போது நிகழ்ந்த இன்னொரு செயலை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. வட்டுகளுக்கு இடம்தேட, பேழைகள் கழிக்கப்பட்டன. மயிலாப்பூரில் நான் பார்க்க வாய்த்த ஒரு கல்லூரி நூலகப் பதிவேட்டில், பேழைகளின் வரிசை எண்கள் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ‘குறுவட்டு பெறப்பட்டதால் நீக்கம்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. நூலக நடைமுறைப்படி அதில் பிழையேதும் இல்லை. சட்டத்தின் நோக்கில் அது எத்தகைய இழப்பு என்பது சில ஆண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று.

4. 2012: ஒரு சொல்லின் எல்லை

2012 சூன் 21இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தம் நூலகங்களுக்கு இரண்டு வகையில் நன்மை செய்தது.

முதலாவது, இரவல் பற்றியது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படப் படியை விற்பதும் வாடகைக்குத் தருவதும் உரிமையாளருக்கே உரியவை என்றும், அப்படி முன்பே விற்கப்பட்டதாயினும் அது பொருந்தும் என்றும் கூறியது. வார்னர் பிரதர்சு தொடுத்த வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2009இல் இதனை விளக்கியது. நூலுக்குள்ளதுபோல, முதல் விற்பனையோடு உரிமையாளரின் பிடி தளரும் கொள்கை திரைப்படத்துக்கு இல்லை என்பதே அதன் சாரம். வழக்கு வெளிநாட்டு டிவிடிகளை வாடகைக்கு விட்ட கடையைப் பற்றியது. ஆயினும் நூலகர்களுக்கு அது கலக்கம் தந்திருக்க வேண்டும். 2012இல் ‘வாடகை’ என்பது ‘வணிக வாடகை’ என்று மாற்றப்பட்டது. ஈட்டநோக்கற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ முறையாகப் பெற்ற படியை இரவல் தருவது வணிக வாடகை ஆகாது என்று பிரிவு 2(எஃப்ஏ) தெளிவுபடுத்தியது. அரசு மானியம் பெறுவது அல்லது வருமான வரிவிலக்குப் பெற்றது என்று அத்தகு நூலகம் வரையறுக்கவும்பட்டது.

இரண்டாவது, படியெடுத்தல் பற்றியது. அதற்கு முன்பிருந்த விதி, இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை மூன்று படிகள்வரை எடுத்துக்கொள்ள நூலகத்தை அனுமதித்தது. அவ்விதியில் நூல், துண்டு வெளியீடு, இசைத்தாள், வரைபடம் ஆகியன உண்டு, திரைப்படம் இல்லை. புதிய பிரிவு 52(1)(என்) ‘படைப்பு’ என்னும் பொதுச்சொல்லை ஆண்டது. வணிகநோக்கற்ற பொது நூலகம் ஒன்று, தன்னிடம் எண்மமல்லாத படி ஏற்கெனவே இருக்குமாயின், பாதுகாப்பின்பொருட்டு அப்படைப்பை மின்னணு வடிவில் சேமிக்கலாம் என்பது அதன் பொருள்.

‘எண்மமல்லாத படி’ என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய சொல். படச்சுருள் எண்மமல்லாதது, விஎச்எஸ் பேழையும் அத்தகையதே. ஆனால் விசிடியும் டிவிடியும் பிறப்பிலேயே எண்மம். சொற்பொருளை அப்படியே கொண்டால், பேழையைக் காக்கும் உரிமை நூலகத்துக்கு உண்டு, வட்டைக் காக்கும் உரிமை இல்லை. உரிமை வந்தபோது பேழைகள் போய்விட்டிருந்தன. வட்டுகள் மட்டுமே அலமாரியில் இருந்தன.

சட்டம் வகுத்தோரின் கற்பனையில் இடப்பெயர்ச்சி ஒருமுறைதான் நிகழும்போலும்: காகிதத்திலிருந்தும் நாடாவிலிருந்தும் எண்மத்துக்கு, அதன்பின் பயணம் முடிந்தது. எண்ம வடிவமும் மூப்படையும் என்பதும், வட்டின் பிரதிபலிப்புப் படலம் காற்றுப்பட்டு மங்கும் என்பதும், மடிக்கணினிகள் வட்டுச் செருகியை இழந்துவிடும் என்பதும் அவ்வாசகத்தில் இடம்பெறவில்லை. வேறு நாடுகளின் சட்டங்கள் இதனை வேறு வகையில் கையாள்கின்றன. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, சேதமடைந்த படிகளையும் வழக்கொழிந்த வடிவத்தில் உள்ள படிகளையும் நூலகம் படியெடுக்கலாம் என்கிறது. வடிவத்தைப் படிக்கும் கருவி உற்பத்தியில் இல்லையென்றாலோ சந்தையில் எளிதில் கிடைக்கவில்லையென்றாலோ அவ்வடிவம் வழக்கொழிந்ததாகும். பிரிட்டன் 2014இல் தன் சட்டத்தை மாற்றி, நூலகத்தின் நிலைச் சேகரிப்பில் உள்ள எவ்வகைப் படைப்பையும் மாற்றுப்படி வாங்க இயலாதபோது படியெடுக்க இசைந்தது. இரண்டும் படியின் நிலையைப் பார்க்கின்றன. நம் சட்டம் படியின் பிறப்பைப் பார்க்கிறது.

இன்னும் ஒரு தெளிவின்மை உண்டு. இரவல் தரும் நூலகத்தை வரையறுத்த அதே திருத்தம், காக்கும் நூலகத்தை வரையறுக்கவில்லை. ‘வணிகநோக்கற்ற பொது நூலகம்’ என்பதில் தன் மாணவரை மட்டும் அனுமதிக்கும் கல்லூரி நூலகம் அடங்குமா? கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு இக்கேள்வி எழாது. அடையாறிலோ மயிலாப்பூரிலோ உள்ள கல்லூரிக்கு எழும். ஆக, நூலகம் ஒரு வட்டைக் கீறல் விழும்வரை இரவல் தருவதற்குச் சட்டம் வெளிப்படையாக இசைகிறது. கீறல் விழுமுன் படியெடுப்பதற்கு இசையவில்லை.

டிவிடியின் பூட்டைத் திறப்பது பற்றிய பிரிவு 65-ஏ இதனினும் சிக்கலானது. உரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்பவருக்கு ஈராண்டுவரை சிறை உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத நோக்கத்துக்குத் திறப்பது குற்றமன்று என்னும் விலக்கும் அதிலேயே உள்ளது. பாதுகாப்புப் படியெடுத்தல் எப்பக்கம் சேரும் என்பது முந்தைய கேள்வியின் விடையைப் பொறுத்தது. விடை தெரியாத நூலகர் வட்டைத் தொடாமல் இருப்பதையே தேர்வார். அவரைக் குறைகூற இயலாது.

5. அறுபதாண்டுக் கணக்கு

மேற்கூறிய தடை எல்லாப் படங்களுக்கும் உரியதன்று. திரைப்படத்தின் பதிப்புரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1948இல் வெளிவந்த ‘சந்திரலேகா’வின் உரிமைக்காலம் 2008 இறுதியில் முடிந்தது, 1952இன் ‘பராசக்தி’க்கு 2012 இறுதியில். இப்படங்களைப் பொறுத்தவரை, திரைப்படம் என்னும் அளவில், நூலகம் எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. படத்துள் அடங்கிய வசனம், பாடல், இசை ஆகியவற்றின் உரிமை மட்டும் தனிக்கணக்கு. அவை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிப்பவை. ‘பராசக்தி’யின் வசனகர்த்தா மு. கருணாநிதி 2018இல் மறைந்தார். அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்குவதாகத் தமிழக அரசு 2024 ஆகஸ்டில் அறிவித்தது.

நாட்டுடைமை என்னும் வழக்கம் தமிழகத்துக்கே உரிய பெருமை. அதன் தொடக்கத்திலேயே திரைத்துறையும் இருந்தது. பாரதியின் பாடல்களைத் திரையிலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமையை ஏ. வி. மெய்யப்பன் பெற்றிருந்தார், ‘நாம் இருவர்’ படத்தில் அப்பாடல்களை ஆண்டார். பொதுமக்கள் கோரிக்கை வலுத்தபோது தம் உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1949இல் பாரதியின் படைப்புகள் அரசுடைமையாயின. அந்த உரிமை வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியுள்ளார். அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகி, கோட்டூர்புரத்துத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் நாட்டுடைமை நூலோடு நின்றுவிட்டது. உரிமையாளர் யாரென்றே தெரியாமல் கிடக்கும் படங்களுக்கு அவ்வழி திறக்கப்படவில்லை.

அத்தகைய படங்கள் பெருகிவருகின்றன. படத்தின் எதிர்ச்சுருள் உரிமை ஒருவரிடம், வட்டு உரிமை இன்னொருவரிடம், செயற்கைக்கோள் உரிமை மூன்றாமவரிடம் எனப் பிரித்து விற்பது கோடம்பாக்கத்து வணிகமுறை. ஒப்பந்தம் எழுதிய நாளில் வழக்கில் இல்லாத ஊடகத்துக்கு, தனியே குறிப்பிட்டாலன்றி, அவ்வொப்பந்தம் பொருந்தாது என்பதையும் 2012இன் திருத்தம் சேர்த்தது. படைப்பாளிகளுக்கு இது பாதுகாப்பு. ஆனால் இசைவு கேட்டு அலையும் நூலகருக்கு, கேட்க வேண்டியவரின் வரிசை இன்னும் நீண்டது. மோசர் பேயர் 2018இல் கலைப்புக்கு உள்ளானது. அதன் முத்திரை பொறித்த வட்டுகள் நம் அலமாரிகளில் உள்ளன. உரியவரைக் கண்டறிய இயலாத படைப்புகளுக்கு உரிமம் கோரும் பிரிவு 31-ஏ இருக்கிறதே எனலாம். நாளிதழில் விளம்பரம், விண்ணப்பம், ஆணை, உரிமத்தொகை என நீளும் அவ்வழி வெளியீட்டாளருக்கானது. ஒற்றை வட்டைக் காக்க முனையும் கல்லூரி நூலகருக்கு அதில் ஏறும் தெம்பு இராது.

இணையவழித் திரையோட்டம் இதற்கு மாற்றாகாது. அங்கே நூலகம் வாங்குவதற்குப் பொருளே இல்லை. தனிநபர் சந்தா மட்டுமே உண்டு. இன்று இருக்கும் படம் அடுத்த ஒப்பந்தத்தில் மறையலாம். இடையில் வேறொரு வழியைச் சென்னையின் இசையுலகம் காட்டியுள்ளது. மியூசிக் அகாதமியில் டாக் நிறுவனத்தின் துணையுடன் அமைந்த எண்மக் கேட்பகத்தில், பழைய கச்சேரிப் பதிவுகளை அவ்வளாகத்திலேயே தொடுதிரையில் தேர்ந்து கேட்கலாம். படியெடுத்துச் செல்ல இயலாது. கலைஞர், உரிமையாளர் ஆகியோரின் அச்சத்தையும் கேட்பவரின் தேவையையும் ஒருங்கே மதிக்கும் ஏற்பாடு இது. அமெரிக்கச் சட்டமும் எண்மப் படியை நூலக வளாகத்துக்குள் நிறுத்துவதையே நிபந்தனையாக்குகிறது. திரைப்படத்துக்கு இத்தகைய பார்வையகம் ஒன்றைத் தரமணியிலோ கோட்டூர்புரத்திலோ அமைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. 52(1)(என்) பிரிவில் ‘எண்மமல்லாத’ என்னும் ஒரு சொல் நீங்கினால், காக்கும் படிக்குரிய சட்டத் தடையில் பெரும்பகுதி விலகும்.

6. ஆய்வாளரின் வன்தட்டு

நூலகத்துக்கு இல்லாத உரிமை தனிமனிதருக்கு இருக்கிறது. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயனுக்காகப் படைப்பை நேர்மையாகக் கையாள்வதையும், அதற்காக மின்னணு ஊடகத்தில் சேமிப்பதையும் பிரிவு 52(1)(ஏ) அனுமதிக்கிறது. வகுப்பறைத் தேவைக்கு ஆசிரியர் படியெடுக்கவும், மாணவர்க்குப் படத்தைத் திரையிடவும் தனி விலக்குகள் உள்ளன. இதன் விளைவு விந்தையானது. தமிழ்த் திரைப்படத்தின் உண்மையான ஆவணக்காப்பகம் இன்று முனைவர்பட்ட ஆய்வாளர்களின் வன்தட்டுகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றுக்குப் பட்டியல் இல்லை. ஆய்வேடு ஒப்படைக்கப்பட்டதும் அவை எங்கே போகின்றன என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்பதில்லை. கேட்டுப் பெற்றுக்கொண்டால் சொந்தப் பயன் என்னும் எல்லையைத் தாண்டிவிடும்.

முன்பு குறிப்பிட்ட மயிலாப்பூர் நூலகத்தில், 1954இல் வெளிவந்த படம் ஒன்றின் மூன்று வட்டு விசிடியை என் ஆய்வுக்காகக் கேட்டிருந்தேன். படியெடுக்க அனுமதியில்லை, பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று நூலகர் கனிவாகவே மறுத்தார். அப்படத்தின் உரிமைக்காலம் 2014 இறுதியிலேயே முடிந்துவிட்டதைக் கணக்கிட்டுக் காட்டி, சட்டப் பிரிவையும் எழுத்தில் தந்தபின் இசைந்தார். விசிடி ஆதலால் பூட்டும் இல்லை. முதல் வட்டு ஒழுங்காகப் படிந்தது. இரண்டாம் வட்டின் ஓரத்தில் படலம் உரிந்திருந்தது. மூன்று கணினிகளில் முயன்றும் திறக்கவில்லை. மூன்றாவது படிந்தது. பதிவேட்டில் அப்படத்துக்குரிய வரியில், ‘பக்கங்கள்’ என்னும் கட்டத்தில் 3 என்று எழுதியிருந்தது. நூலகர் அதை அடித்து 2 என்று திருத்தினார். இரண்டாம் வட்டை வேறு நூலகங்களில் தேடிவருகிறேன்.